முதல் ஓவர்-அண்டர் துப்பாக்கி வாங்குறதுக்கு முன்னாடி: வடசென்னைலருந்து ட்ராப் சுட வர்றவங்களுக்கு

புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ட்ராப், அதாவது மெஷின் வீசுற களிமண் தட்டைப் பறக்கும்போதே ஷாட்கன்ல சுடுற போட்டி, அதைச் சுட்டதைப் பாத்துட்டு, நம்மளும் சுடலாமேன்னு நிறைய பேர் கேக்குறாங்க. எங்க தண்டையார்பேட்டை ஏரியாலயே மூணு பசங்க கேட்டுட்டாங்க. எல்லாரும் கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான், "அண்ணா, கம்மி விலைல எந்த ஓவர்-அண்டர் நல்லது?" ஓவர்-அண்டர்னா ஒரு குழலுக்கு மேல இன்னொரு குழல் இருக்கிற ரெட்டைக் குழல் ஷாட்கன். நானும் இதே கேள்வியோடதான் ஆரம்பிச்சேன். ஆனா அந்தக் கேள்விக்கு முன்னாடி முடிக்க வேண்டியது நிறைய இருக்கு, அது தெரியாம நான் அலைஞ்ச அலைச்சல் வேற யாருக்கும் வேணாம், அதனால வரிசையா எழுதுறேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே மனசுல வெச்சுக்கோங்க. வெளிநாட்டுக்காரங்க வீடியோ போட்டு இந்த துப்பாக்கி இவ்ளோ பவுண்டு, அந்த துப்பாக்கி இவ்ளோ டாலர்னு சொல்றாங்களே, அந்தக் கணக்கு நமக்கு ஒத்தே வராது. இந்தியால சாதாரண ஆள் வெளிநாட்டுலருந்து ஷாட்கன் இறக்குமதி பண்ண முடியாது. நேஷனல் சாம்பியன்ஷிப்ல சுட்டு, நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் வெச்சிருக்கிற ஸ்கோரைத் தொட்டு 'ரினவுண்ட் ஷாட்' ஆனவங்களுக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். அப்போ உங்க முதல் துப்பாக்கியோட வேலை என்னன்னா, உங்களை அந்த ஸ்கோர் வரைக்கும் கொண்டு போறது. பத்து வருஷத்துக்கு முன்னாடியோ இருபது வருஷத்துக்கு முன்னாடியோ வந்த, ஆரோக்கியமான, பேப்பர் சுத்தமா இருக்கிற, உங்க உடம்புக்குப் பொருந்துற பழைய துப்பாக்கி. நம்ம ஊர்ல 'கட்டுப்படியான' துப்பாக்கின்னா அதான்.

1. வாங்காதீங்க, முதல்ல சுடுங்க

கிளப்ல சேருங்க. கிளப் துப்பாக்கியை ரேஞ்சுல கோச் பக்கத்துல நிக்க சுடுறதுக்கு உங்களுக்குன்னு தனி லைசென்ஸ் தேவையில்ல. அலமாதில ட்ராப், ஸ்கீட் ரேஞ்ச் இருக்கு, நமக்கு அது ரொம்ப வசதி, மூலக்கடை, மாதவரம், செங்குன்றம் தாண்டி திருவள்ளூர் ரோட்டுல திரும்பினா வந்துடும். ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்குக் கிளம்பிடுங்க, எட்டு மணிக்கு மேல செங்குன்றத்துல கன்டெய்னர் லாரியோட மாட்டிக்கிட்டா ஒரு ரவுண்டு சுடுற நேரம் போயிடும்.

குறைஞ்சது 500 தட்டாவது கிளப் துப்பாக்கில சுடுங்க. ட்ராப் புடிக்குதா ஸ்கீட் புடிக்குதான்னு இந்த நேரத்துலதான் தெரியும், ரெண்டுக்கும் துப்பாக்கி வேற வேற. ட்ராப்ல தட்டு உங்களை விட்டு வேகமா விலகிப் போகும், 76 மீட்டர் வரைக்கும் போற மாதிரி மெஷினை செட் பண்ணியிருப்பாங்க. ஸ்கீட்ல குறுக்கால பறக்கும், தூரம் கம்மி. இது தெரியாம ஸ்கீட் துப்பாக்கியை வாங்கிட்டு ட்ராப் லைன்ல நின்னா, ரவை சிதறல் அகலமாகி தட்டு நடுவுல தப்பிச்சுப் போயிடும்.

2. லைசென்ஸ் விண்ணப்பத்தை இப்பவே போடுங்க

துப்பாக்கியைப் பாத்து வெச்சுட்டு அப்புறம் லைசென்ஸ்னு நினைக்காதீங்க. நேரம் புடிக்கிறது லைசென்ஸுக்குத்தான். 21 வயசு முடிஞ்சிருக்கணும். 12 போர் ஷாட்கன் தடை செய்யப்படாத ரகத்துல வரும். என்டால்-அலிஸ்ங்கிற அரசாங்க ஆயுத லைசென்ஸ் போர்ட்டல்ல ஏ-1 படிவத்தை நிரப்பி, பிரிண்ட் எடுத்து, ஆவணங்களோட குடுக்கணும்.

எந்த ஆபீஸ்ல குடுக்கணும்ங்கிறதுலயே நம்ம பக்கம் ஒரு குழப்பம் இருக்கு. 2022ல கமிஷனரேட் பிரிச்சதுக்கு அப்புறம் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எல்லாம் வேப்பேரி கமிஷனர் ஆபீஸ். மணலி, எண்ணூர், செங்குன்றம் பக்கம் ஆவடி கமிஷனரேட். திருவொற்றியூர் தாண்டி இருக்கிறவங்க உங்க ஸ்டேஷன் எதுக்குக் கீழ வருதுன்னு ஸ்டேஷன்லயே கேட்டுட்டு அப்புறம் போங்க.

கையில வெச்சுக்க வேண்டியது:

- ஆதார், வயசு சான்று, முகவரி சான்று, படிப்பு சான்று, போட்டோ
- ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடிச்ச சான்றிதழ், எஸ்-1ன்னு சொல்வாங்க
- உடல்நலம், மனநலம் ரெண்டுக்கும் டாக்டர் சர்டிஃபிகேட்
- துப்பாக்கியைப் பத்திரமா வைக்க இடம் இருக்குன்னு உறுதிமொழி
- கிளப் மெம்பர்ஷிப், துப்பாக்கி சுடுற சங்கத்தோட பரிந்துரைக் கடிதம், போட்டில கலந்துக்கிட்டிருந்தா அந்த ஸ்கோர் ஷீட்

காரணம்ங்கிற இடத்துல விளையாட்டு, இலக்குப் பயிற்சின்னு எழுதுங்க. யாரோ சொன்னாங்கன்னு தற்காப்புன்னு எழுதிட்டா அப்புறம் விசாரணைல யார் மிரட்டுறாங்க, எப்போ மிரட்டினாங்கன்னு கேப்பாங்க, நம்மகிட்ட பதில் இருக்காது, ஃபைல் அங்கயே படுத்துடும்.

அடுத்தது கதவு நம்பர். எங்க வீட்டுக்கு ஆதார்ல பழைய நம்பர், ரேஷன் கார்டுல புது நம்பர், கரண்ட் பில்லுல ரெண்டும் சேத்து ஒரு கோடு போட்டு இருந்துச்சு. வெரிஃபிகேஷனுக்கு வந்தவர் புது நம்பரைத் தேடிப்போய் பக்கத்துத் தெருவுல விசாரிச்சு, 'இந்தப் பேர்ல யாரும் இல்ல'ன்னு எழுதிட்டுப் போயிட்டார். அதைச் சரி பண்ண எனக்கு ரெண்டரை மாசம் ஆச்சு. விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடியே எல்லா ஆவணத்துலயும் ஒரே மாதிரி 'பழைய எண், புதிய எண்'னு ரெண்டையும் வர வெச்சுடுங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்டயும் சொல்லி வைங்க, போலீஸ் வந்து கேட்டா பதறிப்போய் "எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிடக் கூடாது.

விதிப்படி போலீஸ் ரிப்போர்ட்டுக்கு 30 நாள், அது வந்ததுலருந்து முடிவுக்கு 60 நாள். எனக்கு மொத்தமா பதினொரு மாசம் ஆச்சு. மாசத்துக்கு ஒரு தடவை நேர்ல போய் ஃபைல் எந்த டேபிள்ல இருக்குன்னு மரியாதையா கேளுங்க, போன தேதியை ஒரு நோட்டுல எழுதி வைங்க. மறுத்துட்டாங்கன்னா எழுத்துல காரணம் கேட்டு வாங்குங்க, மேல்முறையீடு பண்ண உங்களுக்கு உரிமை இருக்கு.

தாத்தா வெச்சிருந்த பழைய ஒத்தைக் குழல் துப்பாக்கி உங்க பேருக்கு மாறியிருந்தா அதையும் மறக்காம குறிப்பிடுங்க. ஆயுதச் சட்டத்தோட 2019 திருத்தத்துக்கு அப்புறம் பொதுவா ஒருத்தருக்கு ரெண்டு ஆயுதம்தான்.

3. காத்திருக்கிற நேரத்துல உங்க அளவைத் தெரிஞ்சுக்கோங்க

முதல்ல கண்ணு. ரெண்டு கையையும் நேரா நீட்டி, உள்ளங்கைகளைச் சேத்து நடுவுல சின்ன ஓட்டை விட்டு, அது வழியா தூரத்துல இருக்கிற ஒரு பொருளை, தண்ணி டேங்க் மாதிரி ஏதாவது, ரெண்டு கண்ணும் திறந்தபடி பாருங்க. அப்படியே கையை மெதுவா முகத்துகிட்ட கொண்டு வாங்க. ஓட்டை எந்தக் கண்ணுகிட்ட வந்து நிக்குதோ அதான் உங்க ஆளும் கண்ணு. வலது கைக்காரருக்கு இடது கண்ணு ஆண்டா அதை கோச்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க. இடது தோள்ல வெச்சு சுடப் பழகணும், இல்லன்னா இடது கண்ணாடில சின்னதா டேப் ஒட்டணும். இதைப் பொறுத்துதான் எந்தக் கைக்கான கட்டை (தோள்ல வைக்கிற மரப்பகுதி) வாங்கணும்ங்கிறதே முடிவாகும்.

அடுத்தது கட்டையோட நீளம். வெளிநாட்டு ட்ராப் துப்பாக்கிங்க நிறைய 14½ இன்ச்சுக்கு மேல இருக்கும், ட்ரிகர்லருந்து கட்டையோட அடி வரைக்கும். அஞ்சடி அஞ்சங்குலம் உயரமுள்ள ஆளுக்கு அது நீளம், தூக்கும்போது அக்குள்ல மாட்டும். நீளமா இருந்தா வெட்டிக் குறைக்கலாம், குட்டையா இருந்தா பேட் வெச்சு கொஞ்சம் கூட்டலாம், அதனால நீளத்துக்காக நல்ல துப்பாக்கியை விட்டுடாதீங்க. கன்னம் படுற மேல் விளிம்போட உயரம்தான் முக்கியம். கண்ணை மூடிக்கிட்டு துப்பாக்கியைத் தூக்கி தோள்ல வைங்க, கன்னத்தைப் பதிங்க, அப்புறம் கண்ணைத் திறங்க. குழல் மேல ஓடுற பட்டை கொஞ்சமா தெரியணும், குழல் நுனில இருக்கிற சின்ன மணி அதுக்கு மேல நிக்கணும். பட்டையே தெரியாம பூட்டோட (குழலோட பின்பக்கத்தை மூடுற இரும்புப் பகுதி) பின்பக்கம் மட்டும் தெரிஞ்சா கட்டை உங்களுக்குத் தாழ்வு. அந்த துப்பாக்கில ஒவ்வொரு தட்டுக்கும் கழுத்தைத் தூக்கித் தூக்கி சுடுவீங்க, தப்பு உங்க மேலன்னு நினைச்சுக்கிட்டே இருப்பீங்க.

4. எதைத் தேடணும்

ட்ராப்னா குழல் 30 இன்ச், ஸ்கீட்னா 28. எடை மூன்றரைக் கிலோ பக்கம் இருக்கட்டும். தூக்கிப் பாக்கும்போது மூணு கிலோ துப்பாக்கி சுகமா இருக்கும், ஆனா ஒரே காலைல நூறு தோட்டா சுட்டா தோள் கன்னிப்போயிடும், அடுத்த வாரம் ட்ரிகர் இழுக்கும்போதே உடம்பு சுருங்கும்.

சோக், அதாவது ரவை எவ்ளோ விரியணும்னு முடிவு பண்ற குழல் வாய்க் குறுக்கம், அதை மாத்துற வசதி இருந்தா உத்தமம். ஒரே துப்பாக்கில ட்ராப்பும் ஸ்கீட்டும் பழகலாம். ஃபிக்ஸட் சோக்னா ட்ராப்புக்கு கீழ்க் குழல் முக்கால், மேல்க் குழல் ஃபுல்னு இருக்கிறது சரி.

பம்ப் ஆக்ஷன் வாங்கிடாதீங்க. விலை கம்மி, சுலபமா கிடைக்கும், ஆனா சர்வதேச விதிப்படி நடக்கிற போட்டில பம்ப் ஆக்ஷனுக்கு அனுமதியே கிடையாது. நம்ம ஆர்டினன்ஸ் ஃபேக்டரி பண்ற பக்கத்துப் பக்கத்துக் குழல் துப்பாக்கி விதிப்படி ஓகேதான், பட்ஜெட் ரொம்ப இறுக்கம்னா கையாளப் பழக அது போதும், ஆனா ட்ராப்புக்குன்னு செஞ்ச கட்டை அதுல இல்ல.

கம்பெனின்னு பாத்தா, ரஷ்யாக்காரன் பைக்கால் முரட்டுத்தனமா இருக்கும், மரவேலை சுமார், ஆனா எஃகு உறுதி, கம்மி பட்ஜெட்டுக்கு நான் முதல்ல சொல்றது அதான். பெரெட்டா 686 கிடைச்சா யோசிக்காம பாருங்க, அந்த பூட்டு அமைப்பைத் தெரிஞ்ச மெக்கானிக் கிடைப்பாங்க. ப்ரௌனிங்கும் மிரோகுவும் ஒரே ஜப்பான் தொழிற்சாலை கைவேலை, அதனால மிரோகுன்னு பேர் இருந்தா மதிப்பு கம்மின்னு விட்டுடாதீங்க. பெராஸி எல்லாம் அருமையான துப்பாக்கிதான், அது ரினவுண்ட் ஷாட் ஆனதுக்கு அப்புறம்.

5. கைல எடுத்ததும் என்ன பாக்கணும்

லைசென்ஸ் உள்ள கடையோ, லைசென்ஸ் உள்ள இன்னொரு ஷூட்டரோ, எங்க பாத்தாலும் முதல்ல துப்பாக்கியைக் கீல்ல மடக்கித் திறந்து ரெண்டு அறையும் காலியான்னு உங்க கண்ணால பாருங்க. அப்புறம் இதெல்லாம்.

குழலுக்குக் கீழ முன் கை புடிக்கிற முன்கட்டையைக் கழட்டிடுங்க. அது இருந்தா ஆட்டத்தை மறைச்சிடும். குழலைப் பூட்டி, ஒரு கைல கட்டையோட கழுத்து, இன்னொரு கைல குழலைப் புடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க. விரலுக்குக் கீழ 'டக்'னு ஒரு சின்ன அசைவு தெரிஞ்சா கீல் தேஞ்சிருக்கு. எனக்கு இதைச் சொல்லிக்குடுத்த பெரியவர், "தம்பி, காதால கேக்காத, கட்டை விரலால கேளு"ன்னார். பூட்டும் குழலும் சேர்ற கோட்டு மேல கட்டை விரலை வெச்சுக்கிட்டு ஆட்டினா, கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கூட விரலுக்குத் தெரியும்.

பூட்டின நிலைல மேல இருக்கிற லீவர் எங்க நிக்குதுன்னு பாருங்க. புதுசுல நடுக்கோட்டுக்கு வலது பக்கம் நிக்கும். தேயத் தேய நடுவுக்கு வரும். நடுவைத் தாண்டி இடது பக்கம் போயிருந்தா ரிப்பேர் செலவு கண்டிப்பா இருக்கு.

குழலைத் தனியா எடுத்து, அதோட அடில இருக்கிற கொக்கில ஒரு விரலை மாட்டித் தொங்க விட்டு, விரல் முட்டியால லேசா தட்டுங்க. மணி மாதிரி நீண்டு ஒலிக்கணும். 'டொப்'னு செத்த சத்தம் வந்தா ரெண்டு குழலையும் சேக்கிற பட்டை எங்கயோ விட்டிருக்கு. அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிக் குழல் வழியா பாருங்க, உள்ள வட்ட வட்டமா நிழல் விழும். வட்டம் எங்கயாவது நெளிஞ்சா அங்க நசுங்கல் இல்ல வீக்கம். கருப்புப் புள்ளி புள்ளியா இருந்தா துரு தின்ன குழி.

ட்ரிகர் சோதிக்க டம்மி தோட்டா எடுத்துட்டுப் போங்க. நிறைய ஒத்தை ட்ரிகர் துப்பாக்கிங்க முதல் வெடியோட உதைப்புலதான் ரெண்டாவது குழலுக்கு மாறும். டம்மில உதைப்பு இல்ல, அதனால ரெண்டாவது ட்ரிகர் விழாது. உடனே ரிப்பேர்னு நினைச்சுடாதீங்க, கட்டையோட அடியை உள்ளங்கையால ஒரு தட்டு தட்டிட்டு இழுங்க, விழணும். தட்டியும் விழலைன்னா அது ரிப்பேர்தான். தோட்டாவை வெளிய தள்ளுற எஜெக்டர் ரெண்டும் ஒரே வேகத்துல தள்ளுதான்னும் பாத்துடுங்க.

முடிஞ்சா ரேஞ்சுக்குக் கொண்டு வரச் சொல்லி பேப்பர் ஒட்டி 35 மீட்டர்லருந்து ரெண்டு குழலையும் சுட்டுப் பாருங்க. ரெண்டு சிதறலும் ஒரே இடத்துல விழணும்.

6. பேப்பர்

நான் அடிபட்ட இடம் இது. ஒரு பழைய ஓவர்-அண்டர், மரம் அவ்ளோ அழகு, ஆட்டமே இல்ல, குழல் கண்ணாடி. பாத்த அன்னிக்கே அட்வான்ஸ் குடுத்துட்டேன். அப்புறம் பேப்பரோட ஒப்பிட்டா, பூட்டுல இருக்கிற நம்பர் வேற, வித்தவரோட லைசென்ஸ்ல எழுதியிருக்கிற நம்பர் வேற, ஒரே ஒரு இலக்கம், 3க்கு பதிலா 8. எப்பவோ யாரோ எழுதும்போது தப்பா எழுதியிருக்காங்க. அதைத் திருத்த அவரோட ஊர்ல அவர் விண்ணப்பம் போட்டு, அது வர நாலு மாசம். அட்வான்ஸும் முடங்கி, துப்பாக்கியும் கைக்கு வராம, ஒரு சீசனே போச்சு.

அதனால பணத்தைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி பூட்டு, குழல், முன்கட்டை மூணுலயும் இருக்கிற நம்பரை நீங்களே படிச்சு, வித்தவரோட லைசென்ஸ்ல இருக்கிற நம்பரோட ஒவ்வொரு இலக்கமா சரி பாருங்க. போன்ல போட்டோ எடுத்துப் பெருசு பண்ணிப் பாருங்க.

தனி ஆள்கிட்ட வாங்குனா இன்னொரு விஷயம் இருக்கு. விக்கிறவர் தன்னோட எண்ணத்தை மாவட்ட நிர்வாகத்துக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்துல தெரிவிச்சு 45 நாள் முடிஞ்சிருக்கணும், அதுக்கு அப்புறம்தான் கைமாத்த முடியும், ஆயுதச் சட்டம் 5ஆவது பிரிவு. அந்தக் கடிதத்தோட ஒப்புதல் காப்பியை வாங்கி வைங்க. கடிதம் குடுத்த தேதியைப் பாத்துட்டு மிச்சப் பணத்துக்குத் தேதி சொல்லுங்க.

ரினவுண்ட் ஷாட் ஒருத்தர் இறக்குமதி பண்ண துப்பாக்கின்னா அந்த இறக்குமதி அனுமதில என்ன நிபந்தனை போட்டிருக்காங்கன்னு படிங்க. அதை யாருக்கு வேணும்னாலும் வித்துட முடியாது. வாங்கின உடனே துப்பாக்கியோட போய் உங்க லைசென்ஸ்ல பதிஞ்சுடுங்க.

7. செலவுக் கணக்கு

சாதாரண ஆளுக்கு இறக்குமதி கதவு மூடியிருக்கிறதால பழைய ஓவர்-அண்டர் கூட லட்சத்துலதான் பேச்சு. இருக்கிற பணம் மொத்தத்தையும் அதுல கொட்டிடாதீங்க. ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு, ட்ராப்ல ஒரு தட்டுக்கு ரெண்டு வெடி வரைக்கும் சுடலாம், புதுசா வர்றவங்களுக்கு ரவுண்டுக்கு சுமாரா 40 தோட்டா போகும். ஒரு ஞாயித்துக்கிழமைக்கு மூணு ரவுண்டு, மாசத்துல ரெண்டு ஞாயிறுன்னு வெச்சா மாசம் 240, வருஷம் 2,880. இதுக்கு மேல தட்டு காசு, ரேஞ்ச் காசு, பெட்ரோல். என்னோட கணக்கு, கைல இருக்கிறதுல பாதிக்கு மேல துப்பாக்கிக்குப் போடக் கூடாது. மிச்சம் ஒரு வருஷத் தோட்டாவுக்கு. பைக்காலும் வருஷம் 3,000 தோட்டாவும் வெச்சிருக்கிறவன் பெரெட்டாவும் 300 தோட்டாவும் வெச்சிருக்கிறவனைத் தாண்டிப் போயிடுவான், இதை நான் எங்க ரேஞ்சுலயே பாத்திருக்கேன்.

லைசென்ஸ்ல ஒரு நேரத்துக்கு எவ்ளோ தோட்டா, வருஷத்துக்கு எவ்ளோன்னு எழுதியிருக்கும். நூறு இருநூறுன்னு போட்டிருந்தா ரெண்டு ஞாயித்துக்கிழமைல காலி. சங்கக் கடிதத்தோட போய் விளையாட்டுக்கான அளவைக் கேளுங்க. தோட்டா வாங்கும்போதும் கவனம், கடைல சாதாரணமா கிடைக்கிற பெரிய ரவை தோட்டா இதுக்கு ஆகாது. போட்டிக்கு ஈய ரவை எடை அதிகபட்சம் 24.5 கிராம், ரவை 2.6 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது, ஏழரை நம்பர் கேளுங்க.

காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு முதல் நாள்லருந்தே வேணும், இதுல மிச்சம் புடிக்காதீங்க.

8. கடல் பக்கத்து வீட்டுல வைக்கிறது

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ல இருக்கிறவங்க இதைக் கவனமா படிங்க. நம்ம வீட்டு ஜன்னல் கம்பி எவ்ளோ சீக்கிரம் துருப்புடிக்குதுன்னு பாத்திருப்பீங்க, அதே காத்துதான் குழலையும் தின்னும். குழலோட உள்பக்கம் க்ரோம் பூசியிருந்தா கூட வெளிப்பக்க நீலப்பூச்சு தாங்காது. வாங்கின புதுசுல நான் ரேஞ்சுலருந்து வந்து களைப்புல உறையோடயே வெச்சுட்டேன், மூணாம் நாள் எடுத்துப் பாத்தா என் விரல் பட்ட இடத்துல, ரேகை தெரியுற அளவுக்கு, செம்மண் நிறத்துல துரு. வேர்வை உப்பும் காத்து உப்பும் சேந்தா அவ்ளோ வேகம்.

ரேஞ்சுலருந்து வந்த அன்னிக்கே துடைச்சு, லேசா எண்ணெய் தடவி, உறைல இல்லாம பெட்டகத்துல வைங்க. உள்ள சிலிக்கா ஜெல் பை, மாசம் ஒரு தடவை மாத்துங்க. சோக் ரெண்டையும் மாசம் ஒரு தடவையாவது கழட்டி கிரீஸ் போட்டு மாட்டுங்க, இல்லன்னா குழலோட ஒட்டிக்கிட்டு வராது. பெட்டகத்தைச் சுவத்துல போல்ட் போட்டு, தரைலருந்து மூணடிக்கு மேல வைங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எவ்ளோ தண்ணி ஏறுச்சுன்னு இங்க இருக்கிறவங்களுக்குச் சொல்லவே வேணாம். வாடகை வீடுன்னா சுவத்துல ஓட்டை போட ஓனர் சம்மதத்தை முன்னாடியே வாங்கிடுங்க.

ரேஞ்சுக்குக் கொண்டு போகும்போது மூணு பாகமா கழட்டி மூடின பெட்டில, தோட்டா தனியா, அசல் லைசென்ஸ் சட்டைப் பைல. பஸ்ல வேணாம்.

தேர்தல் அறிவிச்சதும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷன்லயோ கடைலயோ ஒப்படைக்கச் சொல்வாங்க. போட்டில கலந்துக்கிற வீரர்களுக்கு விலக்கு கேக்க வழி இருக்கு, ஆனா நோட்டீஸ் வந்ததுக்கு அப்புறம் ஓடாதீங்க, போட்டி அட்டவணை, சங்கக் கடிதம், லைசென்ஸ் காப்பி மூணையும் ஒரு கவர்ல போட்டுத் தயாரா வெச்சிருங்க. ஒப்படைச்சே ஆகணும்னா நிறைய எண்ணெய் தடவி, சிலிக்கா பை வெச்சு, நம்பரும் நிலைமையும் எழுதின ரசீது வாங்கிட்டு வாங்க. லைசென்ஸ் அஞ்சு வருஷம் செல்லும், முடியறதுக்கு மூணு மாசம் இருக்கும்போதே புதுப்பிக்கப் போட்டுடுங்க.

ஏதாவது துப்பாக்கியைப் பாத்து வெச்சிருந்தா, அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை காலைல ரேஞ்சுக்கு வாங்க, சேந்து நம்பரைச் சரி பாத்துட்டு குழலைத் தட்டிப் பாத்துடலாம்.